தீப்பிடிக்காத தண்ணீர்

மெஹராஜ் மோரிக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தையல் மெஷினின் பல்லைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல் என்றால் துணியைக் கடித்து முன்னால் தள்ளுகிற சின்ன இரும்புத் துண்டு. கார்மென்ட் கம்பெனியில் வருஷக்கணக்காக ஓடிய மெஷினில் அதன் இடுக்கெல்லாம் நூல்தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகிக் கறுத்துக் கிடக்கும். முதலில் ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். பிறகு பெட்ரோலும் டீசலும் கலந்த பேசினில் முக்கித் தேய்த்து, பழைய பனியன் துணியில் துடைத்து வைக்க வேண்டும். கை அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, வாய் வாசல்படியில் உட்கார்ந்திருந்த கோமதியம்மாளோடு பேசிக்கொண்டிருந்தது.

தாராவியில் அந்தச் சந்தில் பகலில் கதவை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் கிடையாது. மெஹராஜ் வீட்டில் மூட நினைத்தாலும் முடியாது, பெட்ரோல் நெடி அப்படி. ஒரே அறை. முன்பாதி பட்டறை, பின்பாதி அடுப்பும் தண்ணீர் புழங்குகிற மோரியும், மேலே ஏணி வைத்து ஏறுகிற பலகைத் தட்டில் படுக்கை. முன்பாதியில் அவள் புருஷன் ஜமால் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கழுவிக் கொடுக்கிற பாகங்களை மறுபடி மெஷினில் பூட்டுவான். அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் பேசினைத் தாம்பாளத்தால் மூடி வாசல் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவர்கள் அறிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை.

கோமதியம்மாளுக்கு இரண்டு கதவு தள்ளி வீடு. டோம்பிவிலிக்குக் குடிபோன மகன் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வரும்போது விழுந்து செத்ததிலிருந்து தனி ஆள். அவள் சிரித்து அதற்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை. இட்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாஹிம் வரை நடந்தவளுக்கு இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருந்தால் சொல்லு என்று மெஹராஜிடம் சொல்லி வைத்திருந்தாள். வேலை கொடுக்கிறவர் ஜெயினுலாப்தீன். மூடிப்போன கம்பெனிகளின் மெஷின்களை மொத்தமாக வாங்கி, புதுப்பித்து, உல்லாஸ்நகர் வியாபாரிகளுக்கு விற்கிறவர். கடையநல்லூர்க்காரர். சந்தில் பாதிப் பேருக்கு அவர் அண்ணன், மீதிப் பேருக்கு பாய். பூட்டுகிற வேலை ஜமாலுக்கு, கழுவுகிற வேலை மெஹராஜுக்கு என்று அவர்தான் பிரித்துக் கொடுத்திருந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அடுத்த சந்தில் தீப்பிடித்தது. பை தைக்கிற பட்டறையில் தின்னர் டப்பா பக்கத்தில் யாரோ அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றது, சந்துக்குள் ஒரு ஆள் நடந்து போகத்தான் இடம். வேலை பார்த்த பையனின் இரண்டு கையும் தோல் உரிந்து தொங்க, அவனைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் சமைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கமிட்டி வந்தது. ஜெயினுலாப்தீன் தலைவர். அவருடைய குடோன் முன்னொரு காலத்தில் எரிந்திருக்கிறது, அதனால் தீ என்றால் அவருக்கு நிஜமான பயம். கையில் தீப்பெட்டியோடு வீடு வீடாக ஏறினார்கள். வீட்டில் இருக்கிற எண்ணெய், பசை, மருந்து எதுவானாலும் ஒரு மூடியில் ஊற்றி, பஞ்சுத்திரியை அதில் நனைத்து, குச்சியைக் கிழித்துக் காட்டுவார்கள். பற்றிக்கொண்டால் டப்பா சாக்கடைக்குப் போகும். பற்றாவிட்டால் கதவில் சாக்பீஸால் ஒரு டிக். தீப்பிடிக்கிறதைச் சாக்கடையில் ஊற்றுவது எந்த ஊர்ப் பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. ஜமால் வீட்டுத் திரி குப்பென்று பற்றியது. ஜெயினுலாப்தீன் தன் கையாலேயே கேனைக் கவிழ்த்தார். சாக்கடைத் தண்ணீர் மேல் வானவில் வானவில்லாக எண்ணெய் மிதந்து போயிற்று.

வேலை நின்றது. கழுவாமல் பூட்ட முடியாது. பிரித்துப் போட்ட மெஷின்கள் நடக்க வழியில்லாமல் அறையெங்கும் கிடந்தன.

ஜமால் கடலை எண்ணெயில்கூட ஊறவைத்துப் பார்த்தான். அழுக்கு இன்னும் நன்றாக ஊறிக் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டது. "பொரிச்சுத் தின்னிடலாமா?" என்று மெஹராஜ் கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. மாஹிமில் பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிற மகள் சாயிமா ராத்திரி வந்ததும் போனில் தேடிப் பார்த்து, கெமிக்கலே வேண்டாம், வெந்நீரும் சோடாவும் சோப்பும் போதும், பெரிய கம்பெனிகளே அப்படித்தான் கழுவுகிறார்கள் என்றாள். ஜமாலுக்கு நம்பிக்கையில்லை. இரும்பையும் தண்ணீரையும் பக்கத்தில் வைக்காதே என்பதுதான் அவன் கற்ற தொழிலின் முதல் பாடம்.

ஆனாலும் செய்து பார்த்தார்கள். சோடா கரைத்த வெந்நீரில் அழுக்கு விட்டது. மெஹராஜின் கை வெடித்தது, ஆனால் அந்தி நேரத்து வழக்கமான தலைவலி இல்லை. பெட்ரோல் வாடை இல்லாமல் சோறு தின்னுவது எப்படி இருக்கும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. கஷ்டமெல்லாம் தண்ணீர்தான். சந்துக் குழாயில் விடியலில் கொஞ்ச நேரம் வருகிற தண்ணீரில் குடிக்க, குளிக்க, துவைக்க வேண்டும். சோப்புப் போக அலச வேண்டுமானால் குடம் குடமாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிகள் குழாயடியில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். காஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது. இதையெல்லாம் சமாளித்திருப்பாள். மழை வந்துவிட்டது. ராத்திரி துடைத்து அடுக்கிய பாகங்கள் காலையில் செம்மண் தூவியதுபோல் இருந்தன. ஜமால் ஒவ்வொன்றையும் அடுப்பில் காட்டி உலர்த்தி எண்ணெய் தடவினான். அப்படியும் உள்துளைகளில் ஈரம் நின்றது. உல்லாஸ்நகருக்குப் போன மெஷின்கள் அப்படியே திரும்பி வந்தன.

ஜெயினுலாப்தீன் ஒரு ஷாஃப்டில் விரலை ஓட்டி, விரல் நுனியை ஜமாலிடம் காட்டினார். "துரு வந்தா அது மெஷின் இல்ல ஜமாலு. பேரீச்சம்பழத்துக்குப் போடுத இரும்பு." அவர் குரலை உயர்த்தவில்லை. நல்ல வழியாக ஒன்று தானே தேடிக்கொண்டு வருவதாகவும், அதுவரை வேறு ஆளிடம் மெஷின் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஜமால் ஸ்பேனரைத் துடைத்துத் துடைத்து வைத்தான். பதினாறு வயதிலிருந்து இந்த ஒரு வேலையைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது.

அவர் சொன்னபடியே தேடிக்கொண்டு வந்தார். நீலக் கேன். யாரோ கெமிக்கல் வியாபாரி கொடுத்தானாம். டிரைகிளீனிங் கடையில் கோட்டு சூட்டெல்லாம் இந்த மாதிரிச் சாமானில்தான் அலசுகிறார்களாம். தண்ணீர் இல்லை, ஆனால் தண்ணீர் மாதிரி இருக்கும். தீயே பிடிக்காது. கமிட்டிக்காரர்களும் அக்கம்பக்கமும் கூடி நிற்க, ஜமால் வீட்டு வாசலிலேயே பரீட்சை நடந்தது. திரியை நனைத்துக் காட்டினார், பற்றவில்லை. எரிகிற குச்சியை மூடிக்குள்ளேயே போட்டார். சொய்ங்கென்று அணைந்தது. கொஞ்சம் புகை எழுந்து மூக்கைக் கடித்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அவர் இன்னொரு குச்சியைக் கிழித்துப் போட்டார். அதுவும் அணைந்தது. அவர் முகத்தில் குழந்தைக்கு வருவதுபோல் ஒரு சந்தோஷம்.

"இனி ராத்திரி நிம்மதியா தூங்கலாம் மெஹராஜ்" என்று சொல்லி, கதவில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

அந்தத் தண்ணீரால் ஜமாலுக்கு ஒரு ஆசையும் நிறைவேறிற்று. பெட்ரோல் இருந்தவரை கரண்ட் சாமான் எதையும் பக்கத்தில் வைக்க முடியாது, ஒரு பொறி போதும். இப்போது பயமில்லை. பழைய சாமான் விற்கிற சோர் பஜாரிலிருந்து ஒரு ஸ்டீல் சிங்க் வாங்கி வந்தான். ஏர்கூலரில் தண்ணீர் ஏற்றுகிற சின்ன மோட்டாரை அதன் அடியில் பொருத்தி, குழாய் மாட்டி, குழாய் முனையில் பிரஷ்ஷைச் செருகினான். ஸ்விட்சைப் போட்டால் மருந்து குழாய் வழியே ஏறி, பிரஷ் முனையில் கொட்டி, அழுக்கைக் கழுவிக்கொண்டு திரும்பச் சிங்க்குக்குள்ளேயே விழும். பேசினில் கைவிட்டுத் துழாவ வேண்டாம். சந்திலிருந்த ஆண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜமால் ஒவ்வொருவருக்கும் ஸ்விட்சைப் போட்டுக் காட்டினான்.

மெஹராஜுக்கும் பிடித்திருந்தது. அழுக்கு கண்ணெதிரே கரைந்து ஓடியது. எடுத்து வைத்த நிமிஷத்தில் தானாகவே காய்ந்தது, துருவும் இல்லை. வாடைகூட மோசமில்லை, என்னவோ ஒரு இனிப்பு வாடை. கையில் பட்டால் சில்லென்று இருக்கும், பிறகு தோல் சாக்பீஸ் மாதிரி வெளுக்கும். கையுறை வாங்கிப் போட்டாள். அது ஊதிப் பெருத்துக் கிழிந்தது. பிளாஸ்டிக் குழாய் இளகித் தொய்ந்து போனபோது ஜமால் வேறு குழாய் மாற்றினான். இந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கே இப்படித்தான் என்று குழாய் விற்றவனைத் திட்டினான்.

முதலில் சிரித்தது ஒரு பூனையைப் பார்த்து. வாசலில் பூனை நடந்து போயிற்று, அவ்வளவுதான். மெஹராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று ஜமால் கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் கேட்ட கேள்வியே சிரிப்பாக இருந்தது. இன்னொரு நாள் மத்தியானம், ஊரில் கல்யாணத்தில் பாடுகிற பாட்டை எடுத்துச் சத்தமாகப் பாடினாள். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். டீத்தூள் வாங்கக் கடைக்குப் போனபோது கால் பஞ்சில் வைத்ததுபோல் இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைக்காரனிடம் கேட்க வந்தது வாயில் குழறிற்று. ராத்திரி எல்லாம் தெளிந்துவிடும், தலைவலி மட்டும் இருக்கும். வயது ஆகிறது, ரத்தம் குறைந்திருக்கும் என்று நினைத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றாள்.

பிறகு கோமதியம்மாள் விஷயம் நடந்தது. மகனின் வருஷ நாள் வருகிறது, கோயிலில் ஒரு அர்ச்சனைக்குச் சொல்ல வேண்டும் என்று அவள் வாசல்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பு ஒன்றுதான் கிடைத்தது, இன்னொன்று கடைசிவரை கிடைக்கவில்லை என்று எப்போதும் சொல்வதைச் சொன்னாள். மெஹராஜ் சிரித்துவிட்டாள். நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. ஒற்றைச் செருப்பு, ஒற்றைச் செருப்பு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கோமதியம்மாள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி தெளிந்த பிறகு மெஹராஜ் பலகைத் தட்டில் படுத்து அழுதாள். காலையில் மன்னிப்புக் கேட்கப் போனாள். கோமதியம்மாள் கதவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சந்தில் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. ஜமால் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து இறங்கும்போது, தெரிந்த ஒருவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய், வீட்டில் பாட்டில் கீட்டில் ஏதாவது புழங்குகிறதா பார்த்துக்கொள் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் ஜமாலுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தான். மெஹராஜ் சிங்க்குக்கு மேல் குனிந்து பிரஷ் பிடித்துக்கொண்டிருந்தாள். இவன் வந்ததைப் பார்த்து நிமிர்ந்து சிரித்தாள்.

"வாய ஊது" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு நின்றது. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவன் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். சாராயம் இல்லை, டீயும் கிராம்பும்தான். கூடவே அந்த இனிப்பு வாடை. அது அவன் சட்டையிலும் இருந்தது, தலையணையிலும் இருந்தது, சோற்றிலும் இருந்தது. அதனால் அவன் அதை ஒரு வாடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"திருப்தியா?" என்று கேட்டாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கம், சந்து முழுக்க அவளைப் பற்றிப் பேசுவதற்கு வெட்கம். ஒரு ஆண்பிள்ளைக்கு இரண்டு வெட்கமும் ஒன்றாக வந்தால் அவன் என்ன செய்வான்? மறுநாள் கதவை மூடினான். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளைப் பொருத்தி, அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, சின்ன ஜன்னலில் ரெக்சின் துண்டை ஆணியடித்து மாட்டினான். "சிரிப்பு வந்தா சிரி, பாட்டு வந்தா பாடு. நமக்குள்ள இருக்கட்டும். ஊருக்குக் கேக்க வேண்டாம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். தன் ஸ்டூலையும் மெஷினையும் வாசலுக்கு வெளியே, தகரச் சாய்ப்புக்குக் கீழே போட்டுக்கொண்டான். யாராவது உள்ளே எட்டிப் பார்க்க வந்தால் அவனைத் தாண்டித்தான் வரவேண்டும். ஜெயினுலாப்தீனும் இதைச் சரி என்றார். கதவு திறந்திருந்தால் மருந்து காற்றில் பறந்துவிடுகிறது, கேன் சீக்கிரம் காலியாகிறது என்று அவருக்கு ஒரு குறை இருந்தது.

மூடிய கதவுக்குள் மெஹராஜ் கொஞ்ச நாள் சிரித்தாள். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. குணமாகிவிட்டது என்று ஜமால் நினைத்தான்.

பார்லரில் கரண்ட் இல்லாததால் சாயிமா அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். ஜமால் பூட்டிய மெஷினைக் கொடுக்க ஜெயினுலாப்தீன் குடோனுக்குப் போயிருந்தான். கதவைத் தட்டினாள். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் கம்பிக்கு உள்ளே கைவிட்டு ரெக்சினைக் கிழித்துப் பார்த்தாள். அவளுடைய அம்மா சிங்க்கின் விளிம்பில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து கிடந்தாள். குழாயிலிருந்து மருந்து அவள் தோள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. சாயிமா கத்திய கத்தலில் வந்த ஆட்கள் தாழ்ப்பாளை உடைத்தார்கள். உள்ளே நுழைந்தவனுக்கே தலை சுற்றிற்று. இழுத்து வாசலில் போட்டு, மழைத் தண்ணீர் முகத்தில் விழும்படி வைத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஹிந்தியில் என்ன மோந்தாள் என்று கேட்டாள். தீப்பிடிக்காத தண்ணீர் என்று ஜமால் சொன்னான். அது என்ன என்று மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அதையேதான் சொன்னான், குச்சியைப் போட்டால்கூட அணைந்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னான். சாயிமா அம்மாவின் துப்பட்டாவை டாக்டரிடம் நீட்டினாள். மோந்து பார்த்ததும் டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தீப்பிடிக்காதது வேறு, ஆளைக் கொல்லாதது வேறு என்றாள். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதுபோல இதன் ஆவி மயக்கும், முதலில் குடித்தவன் மாதிரி ஆக்கும், பிறகு விழவைக்கும். மூடிய மெஷினும் ஆவியை வெளியே இழுக்கிற குழாயும் இருக்கிற பாக்டரியில் வைக்க வேண்டிய சாமானை வீட்டில், அதுவும் கதவை மூடிக்கொண்டு யார் வைக்கச் சொன்னது என்று கேட்டாள். ஜமால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாழ்ப்பாளைப் பொருத்திய தன் கையை அவனுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மெஹராஜ் பிழைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் இடது கன்னத்தில் உணர்வு வரவில்லை. டீ உதட்டோரம் வழிந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள், சாயிமாதான் துடைத்துவிடுவாள். ஊசி பிடித்தால் விரல் நடுங்கியது. ஜெயினுலாப்தீன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்தான் கொடுத்தார். டாக்டர் சொன்னதை ஜமால் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். இனிமேல் இந்த வீட்டில் அந்தச் சனியன் வேண்டாம் என்று சொல்லி, சிங்க்கையும் மோட்டாரையும் நீலக் கேனையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். பூட்டுகிற வேலை எப்போதும்போல் ஜமாலுக்குத்தான், கவலைப்பட வேண்டாம் என்றார். எங்கே தூக்கிக்கொண்டு போகிறார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

எங்கே என்பது இரண்டு கதவு தள்ளித் தெரிந்தது. வாசலில் கூட்டத்தைப் பார்த்து மெஹராஜ் எழுந்து போனாள். கோமதியம்மாள் வீட்டு மோரிக்குப் பக்கத்தில் அதே சிங்க், அதே மோட்டார். ஜெயினுலாப்தீன் கையில் தீப்பெட்டி. அது ஏற்கனவே பரீட்சை பண்ணிய மருந்துதான். ஆனாலும் கமிட்டி வழக்கம், வீட்டுக்கு வீடு செய்ய வேண்டும். குச்சி மூடிக்குள் விழுந்து அணைந்தது. கோமதியம்மாள் கைகூப்பினாள்.

"யக்கா, அது வேண்டாம்" என்றாள் மெஹராஜ். நாக்கு இன்னும் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது. "நான் விழுந்தது அதனாலதான். சிரிச்சதும் அதனாலதான். நீங்க சொல்லும்போது நான் சிரிச்சேம்லா, அது நான் இல்ல யக்கா."

கூட்டத்தில் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். நாக்குத் தடிப்பு அவர்களுக்கு வேறு கதை சொன்னது. ஜெயினுலாப்தீன் சங்கடத்தோடு, கதவைத் திறந்து வைத்துச் செய்தால் ஒன்றும் ஆகாது, கோமதியிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். துரு ஏற்றாத, தீப்பிடிக்காத வேறு சாமான் இருந்தால் சொல்லு, நாளைக்கே மாற்றுகிறேன் என்றும் சொன்னார். மெஹராஜ் வெந்நீர் என்று சொல்லலாம். தண்ணீர் எங்கே என்று அவர் கேட்பார்.

கோமதியம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். "ஒனக்கு ஒடம்புக்கு முடியல, சரி. அதுக்காக எனக்கு வந்த வேலையத் தட்டிவிடாத, மெஹராசு. எனக்குச் சம்பாரிச்சுப் போட ஆளில்ல."

ஜமால் வந்து மெஹராஜின் கையைப் பிடித்து அழைத்துப் போனான். நமக்குப் பூட்டுகிற வேலையும் போய்விடும், பேசாமலிரு என்றான். கோமதி கழுவிக் கொடுத்தால்தான் அவனுக்குப் பூட்ட வேலை. அந்த வாடை என்ன செய்யும் என்று தெரிந்துதான் அவனும் சொன்னான். அவளுக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதால் ஆறவில்லை.

கொஞ்ச நாள் கோமதியம்மாள் கதவு திறந்துதான் இருந்தது. மெஹராஜ் தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் வரும்போதும் அதையே பார்த்துக்கொண்டு போவாள். பிறகு மழை வலுத்தது. சாரல் உள்ளே அடித்தது. கேன் அதற்குள் காலியாகிவிட்டதா என்று ஜெயினுலாப்தீன் ஒரு நாள் வாசலில் நின்று வாய்க்குள் முனகியதையும் மெஹராஜ் கேட்டாள். அவர் கதவை மூடச் சொல்லவில்லை. மறுநாள் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்கு மறுநாள் மூடியிருந்தது.

மத்தியானம். மெஹராஜ் வாசலில் உட்கார்ந்து, நடுங்குகிற கையால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜமால் உள்ளே ஸ்டூலில் ஒரு மெஷினின் பல்லைப் பூட்டிக்கொண்டிருந்தான். நன்றாகக் கழுவிய பல், ஒரு இடுக்கில்கூட அழுக்கில்லை. அப்போது சந்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கிழட்டுக் குரலில் விட்டு விட்டு வந்த சிரிப்பு. குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"கோமதியக்கா சிரிக்காவ, கேட்டியளா?" என்றாள் ஒருத்தி.

முறம் சரிந்து அரிசி படியெல்லாம் சிதறியது. மெஹராஜ் ஓடினாள். கால் இன்னும் சரியாகப் பாவவில்லை, சுவரில் இடித்துக்கொண்டு ஓடினாள். மூடிய கதவில் சாக்பீஸ் டிக் சாரலில் பாதி கரைந்து வழிந்திருந்தது. அதன்மேல் உள்ளங்கையால் அறைந்தாள். "யக்கா, தொறங்க. யக்கா." உள்ளே மோட்டார் ஓடியது. ஒற்றைச் செருப்பு என்று சொல்லிக் கோமதியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து குழாயடிக்காரி ஒருத்தி மெஹராஜின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"விடுளா. பாவம், எத்தன வருசத்துக்கப்புறம் சிரிக்கா. சிரிக்கட்டும்."